38 கிலோ இழுபறி

சாதாரண கிதாரில் ஒரு கம்பி அறுந்தால் மிச்சம் ஐந்து கம்பிகள் இருக்கும். பூட்டு ட்ரெமொலோ பொருத்திய எலெக்ட்ரிக் கிதாரில் ஒரு கம்பி அறுந்தால் மிச்சம் என்று எதுவும் இல்லை. மற்ற ஐந்தும் அந்த நொடியே சுருதி ஏறி நிற்கும். மேடையில் இருக்கிற பையன் அசடு வழியலாம், அல்லது வேறு கிதாரைக் கடன் கேட்கலாம். ஆசைப்பட்டு வாங்கிய கருவி அலமாரி மேல் ஏறுவதும், பிறகு பாதி விலைக்குக் கை மாறுவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஷில்லாங்கிலிருந்து கொச்சி வரை எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சரிபார்த்துத் தரும் கைகள் நாட்டில் மிகக் குறைவு. கருவி வந்து சேரும் வேகத்தில் அதைப் பற்றிய அறிவு வந்து சேர்வதில்லை. விளைவு, நல்ல கருவிகள் கெட்ட பெயர் வாங்குகின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கேதான் கண் போகும். ட்ரெமொலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்கி அசைந்தால் அதற்கு மேற்கத்திய இசையில் வைப்ரேட்டோ என்று பெயர். கிதாரின் பாலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கோல் அசைப்பது சுருதியைத்தான். இருந்தும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை 1954ல் வெளியிட்ட லியோ ஃபெண்டர், தன் சாதனத்துக்கு ட்ரெமொலோ என்ற பெயரிலேயே காப்புரிமை பெற்றார். அதே நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியளவை அசைக்கும் வசதிக்கு வைப்ரேட்டோ என்று பெயர் எழுதி வைத்தது என்பதுதான் வேடிக்கை. இரண்டு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. உலகம் திருத்திக்கொள்ளவில்லை. நாமும் ட்ரெமொலோ என்றே வைத்துக்கொள்வோம். கமகம் என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் நமக்குக் குழப்பம் வர வேண்டிய அவசியம் இல்லை.

கோலை அழுத்தினால் பாலம் முன்னால் சாய்கிறது. கம்பிகள் தளர்கின்றன. சுருதி இறங்குகிறது. விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்பதுதான் ஃபெண்டர் காலத்திலிருந்து இருந்த பிரச்னை. கம்பி தளரும்போது முறுக்காணியில் சுற்றியிருக்கும் சுருள் நெகிழ்கிறது. கழுத்தின் தலைப்பில் இருக்கும் நட் என்கிற பள்ளத்தில் கம்பி வழுக்கிப் போய், திரும்பி வரும்போது உராய்ந்து நடுவழியில் நின்றுவிடுகிறது. 1969ல் உட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், இந்தக் கோலைக் கொண்டு குண்டு விழும் சத்தத்தையே எழுப்பிக் காட்டினார். அவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோல் வேண்டியிருந்தது, சுருதியும் வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் இதற்கு விடை கண்டார். ராக் இசைக் கலைஞர், நகை வேலையும் தெரிந்தவர். கம்பி நழுவுவதுதான் நோய் என்றால் நழுவவே விடாமல் பூட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். நட்டில் ஒரு பூட்டு, பாலத்தில் ஒரு பூட்டு. இரண்டு பூட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் கம்பிக்கு இனி நழுவ இடம் இல்லை. 1979ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் நட்டைப் பூட்டிவிட்டால் முறுக்காணி செல்லாக் காசாகிவிடும். அதனால் பின்னர் பாலத்திலேயே ஆறு நுண் திருகுகள் சேர்க்கப்பட்டன. எண்பதுகளில் கிரேமர் நிறுவனத்தின் கிதார்களிலும், எடி வான் ஹேலன், ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் வாய் போன்றவர்களின் கைகளிலும் அது உலகம் சுற்றியது. இன்று மலிவு விலைக் கிதார்களில்கூட அதன் நகல் வருகிறது.

இனி இதன் சூட்சுமம். இந்தப் பாலம் கிதாரின் உடலோடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டு சிறு தூண்களில் கத்தி முனை போன்ற விளிம்பால் சாய்ந்து நிற்கிறது. முன்னாலிருந்து ஆறு கம்பிகள் இழுக்கின்றன. கிதாரின் முதுகுக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. மெல்லிய கம்பி செட் ஒன்றை, அதாவது 9ல் தொடங்கி 42ல் முடியும் செட்டை, வழக்கமான சுருதியில் கட்டினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 38 கிலோ. ஸ்பிரிங்குகள் அதற்குச் சமமாக எதிர் இழுப்பு இழுக்கும்போது பாலம் நடுவில் மிதக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு அசையாமல் நிற்குமே, அந்த நிலை. ஒரு கம்பி அறுந்தால் ஏன் மற்றவை சுருதி ஏறுகின்றன என்பது இப்போது புரியும். ஒரு அணியில் ஓர் ஆள் கையை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கீழ்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய கிதார் ஒன்றை ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியிருந்தான். வாங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கனமான ஒலி வேண்டும் என்று 10ல் தொடங்கி 46ல் முடியும் தடித்த கம்பிகளை மாட்டினான். அன்றிலிருந்து சுருதி நிற்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனான். அங்கே பாலத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, காசையும் வாங்கிக்கொண்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். கல்லூரி விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இதை வாங்கிப்பாங்களா? இந்தப் பாட்டுக் கூத்தெல்லாம் போதும்" என்றார் அவனுடைய அப்பா. பையன் எதுவும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிதார் மராமத்து பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் பட்டறையில் பல மாலைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். பையனை அங்கே அழைத்துப் போனேன். நண்பர் கிதாரை வாங்கி, சுருதிகூடப் பார்க்காமல், பக்கவாட்டில் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பாலத்தின் பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கம்பி மாத்தினியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நோய் பிடிபட்டுவிட்டது. தடித்த கம்பிகளின் மொத்த இழுப்பு ஏறத்தாழ 47 கிலோ. ஒன்பது கிலோ கூடுதல். முன்பக்கத்து அணியில் ஆள் சேர்த்துவிட்டு, பின்பக்கத்து அணியை அப்படியே விட்டிருந்தான் பையன். கருவியில் கோளாறே இல்லை.

அன்று அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வகைக் கிதார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆலன் கீ, ஸ்குரூ டிரைவர், சுருதி பார்க்க ஒரு ட்யூனர் போதும். செல்போனில் இருக்கிற ட்யூனரே தாராளம்.

முதலில் கழுத்து. முதல் மெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு சிரமப்பட்டு நுழையும் அளவு. இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல் சரிசெய்ய வேண்டும். கழுத்து வளைந்திருக்கும்போது பாலத்தைச் சரிசெய்வது அஸ்திவாரம் சாய்ந்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போல.

அடுத்தது கம்பி மாற்றுதல். எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் பாலத்தைப் பின்னால் இழுத்துச் சாய்த்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அல்லது பாலத்துக்கு அடியில் மடித்த துணியோ மரத்துண்டோ வைத்துத் தற்காலிகமாக அசையாமல் நிறுத்துங்கள். கடைக்காரர் செருகிய மரத்துண்டுக்கு அதுதான் சரியான வேலை. சுருதி சேர்த்ததும் அதை எடுத்துவிட வேண்டும். புதுக் கம்பியின் முனையில் இருக்கும் உருண்டையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முனையைப் பாலத்தின் பிடிக்குள் நுழைத்து ஆலன் கீயால் முடுக்க வேண்டும். கம்பி நழுவாத அளவு முடுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

இப்போது நட்டின் மூன்று பூட்டுகளையும் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பூட்டும் இரண்டு கம்பிகளைப் பிடிக்கிறது. பாலத்தில் உள்ள ஆறு நுண் திருகுகளையும் அவற்றின் ஓட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். மேலேயும் கீழேயும் போக இடம் வேண்டும். பிறகுதான் முறுக்காணியால் சுருதி சேர்க்க வேண்டும்.

புதியவர்கள் பொறுமை இழக்கும் இடம் இதுதான். தடித்த கம்பியைச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். ஆறாவதை முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் முதலில் சேர்த்தது இறங்கிக் கிடக்கிறது. ஒரு கம்பியை ஏற்றும்போதெல்லாம் பாலம் ஒரு மயிரிழை முன்னால் சாய்கிறது, மற்றவை தளர்கின்றன. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் சுற்றில் விலகல் குறையும். மூன்றாம் சுற்றில் இன்னும் குறையும். ஐந்தாறு சுற்றில் எல்லாம் நின்றுவிடும். இதில் மாயம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாலம் தன் சமநிலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குகிறது. இரண்டாம் சுற்றிலேயே "இது உருப்படாது" என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம்.

எல்லாக் கம்பிகளும் சுருதியில் நின்ற பிறகு பக்கவாட்டில் பாருங்கள். பாலத்தின் அடித்தகடு கிதாரின் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் கம்பிகளின் இழுப்பு அதிகம். முதுகுக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் சமமாக முடுக்க வேண்டும். பின்பக்கம் அமிழ்ந்திருந்தால் அவற்றைத் தளர்த்த வேண்டும். அரைச் சுற்று, மறுபடி சுருதி, மறுபடி பார்வை. முடுக்கியும் போதவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் சேர்க்கலாம். பையனின் கிதாரில் மூன்று ஸ்பிரிங்குகள் இருந்தன. நண்பர் நான்காவதைப் போட்டார். வானம் பார்த்த பாலம் தரைக்கு இறங்கியது.

அடுத்து மெட்டுச் சுருதி. பன்னிரண்டாவது மெட்டின் மேல் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் அந்தக் கம்பியின் தாங்கியைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னால். இந்தப் பாலத்தில் அதற்கென்று சௌகரியமான திருகு கிடையாது. கம்பியைத் தளர்த்தி, தாங்கியின் திருகைத் தளர்த்தி, கையால் நகர்த்தி, முடுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு கம்பிக்கும் இதே பாடு. வருஷத்துக்கு ஒரு முறையோ, கம்பித் தடிமன் மாறும்போதோ செய்தால் போதும் என்பது ஆறுதல்.

கடைசியாகக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல இழுத்து இழுத்து விடுங்கள். புதுக் கம்பிகள் நீளும், சுருதி இறங்கும். மறுபடி சேருங்கள். இழுத்தும் இறங்காத நிலை வந்த பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது கம்பிகள் அழுத்தப்பட்டுச் சற்று சுருதி ஏறும். அந்தச் சிறு விலகலைப் பாலத்தின் நுண் திருகுகள் பார்த்துக்கொள்ளும். அவை இருப்பது அதற்காகத்தான். நுண் திருகு ஓட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டால், பூட்டைத் திறந்து, திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, முறுக்காணியில் சேர்த்து, மறுபடி பூட்ட வேண்டும். பூட்டிய நட்டோடு முறுக்காணியைத் திருகுவது வீண். அதிகம் திருகினால் பூட்டுக்குப் பின்னால் கம்பி அறுந்துவிடும்.

இத்தனையும் செய்தும் கோலை அழுத்தி விட்டால் சுருதி திரும்பவில்லையா? கத்தி முனையைப் பாருங்கள். தூணில் சாயும் அந்த விளிம்பு மழுங்கியிருந்தால் பாலம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வந்து உட்காரும். மலிவு நகல்களில் மென்மையான உலோகம் போடுவதால் இது சீக்கிரமே வருகிறது. கம்பிகள் முழு இழுப்பில் இருக்கும்போது தூண்களின் உயரத்தை மாற்றினாலும் விளிம்பு அரைபடும். எந்தச் சுருதி சேர்ப்பும் இதற்கு மருந்தாகாது. பாகத்தை மாற்ற வேண்டியதுதான். பழைய கிதார் வாங்கப் போகிறவர்கள் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த விளிம்பை. கோலை நன்றாக அழுத்தி விடுங்கள், சுருதி பாருங்கள். பிறகு மேலே இழுத்து விடுங்கள், மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு வந்தால் பணத்தை எண்ணலாம்.

நம் பருவநிலையும் ஒரு கட்சி. மும்பை மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கிறது, டெல்லி குளிரில் வறண்டுபோகிறது. கழுத்து அதற்கேற்ப வளைகிறது, நிமிர்கிறது. நிலையான பாலம் உள்ள கிதார் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மிதக்கும் பாலம் பொறுத்துக்கொள்ளாது. பருவம் மாறும்போது ஒரு முறை பக்கவாட்டில் பார்த்துவிடுவது நல்லது.

இது எல்லோருக்கும் ஏற்ற கருவி என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுபவர்களுக்கு இது சரிப்படாது. வீணை மரபில் வந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்பும்போது, தாளத் தந்திகள் தம்பாட்டுக்குச் சுருதியில் நிற்கின்றன. குதிரை அசைவதில்லை. மிதக்கும் பாலத்தில் ஒரு கம்பியை இழுத்தால் பாலம் சாய்ந்து மற்றவை இறங்கிவிடும். கூடவே ஒலிக்கும் ஆதார சுருதி கண்ணெதிரே கலையும். அப்படிப்பட்டவர்கள் பாலத்தை உடலோடு படிய வைத்துவிடலாம். எடி வான் ஹேலன் அப்படித்தான் வைத்திருந்தார். சுருதியைக் கீழே இறக்கலாம், மேலே ஏற்ற முடியாது. கம்பி அறுந்தாலும் மற்றவை கலையாது. மிதப்பதுதான் உசத்தி என்று யாரும் சட்டம் போடவில்லை.

பட்டறையில் அன்று இரண்டு மணி நேரம் ஆனது. முதல் கம்பியை நண்பர் கட்டினார். மீதி ஐந்தையும் பையனையே கட்டச் சொன்னார். கூலியாக ஸ்பிரிங்கின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவை கம்பி மாத்தறதுக்கு இங்க வரக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். பையனின் கிதார் விற்பனைக்கு வரவில்லை.

கிதார் விற்கும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் குக்கரை விற்கும்போது மூடியை எப்படித் திறப்பது என்று காட்டித்தானே கொடுக்கிறார்கள்? பூட்டு ட்ரெமொலோவை விற்கும்போது, முப்பது நிமிடம் செலவழித்து ஒரு முறை கம்பி மாற்றிக் காட்டினால் என்ன? பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டு எந்த இந்திய மொழியிலும் இல்லை. ஆலன் கீயை மட்டும் பையில் போட்டு அனுப்புவது, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டு விலாசத்தைச் சொல்லாமல் விடுவது மாதிரி. பூட்டு சுருதியைச் சேர்த்துத் தராது. சேர்த்த சுருதியைக் காவல் காக்கும், அவ்வளவுதான். சேர்ப்பது எப்படி என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் பொறுப்பு.